எஸ்தோனியாவுக்குப் போற பெறாமகனுக்கு என்ன அனுப்பலாம்?

சுன்னாகம் சித்தி · ஜனவரி 9, இரவு 9.40

அக்காவின்ர மூத்தவன் பிரிட்டிஷ் ஆமியில சிக்னல்ஸ், தொலைத்தொடர்புப் பிரிவு. லண்டனில பிறந்து வளந்த பிள்ளை. பெப்ரவரி நடுவில எஸ்தோனியாவுக்கு அனுப்பினமாம், தாப்பா எண்ட இடம், ஆறு மாதம். போனில பாத்தன், மைனஸ் 18 எண்டு காட்டுது. அக்கா அங்க அழுகிறா. நான் இங்க பெட்டி கட்டத் தொடங்கீட்டன்: மிளகாய்த்தூள் ரெண்டு கிலோ, பருத்தித்துறை வடை, எள்ளுப்பாகு, தேங்காயெண்ணெய் ஒரு போத்தல், சித்தாலேப தைலம் ஆறு டப்பி, கம்பளி மப்ளர், சின்ன றைஸ் குக்கர். வேற என்ன போட? இங்கயிருந்து நேர அங்க அனுப்பலாமோ?

அம்மம்மாவுக்கு ஆமி எண்டு இன்னும் சொல்லேல்லை. லண்டனில கவுண்மேந்து வேலை எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம்.

ஸ்ரோர்மன் · ஜனவரி 9, இரவு 10.25

பெட்டியை அவிழுங்கோ.

றைஸ் குக்கர் முதல்ல வெளிய. முகாம் அறையளில செருகிற எந்த மின்சாமானையும் சோதிச்சு ஸ்ரிக்கர் ஒட்டுவினம். ஸ்ரிக்கர் இல்லாத சாமான், அதிலயும் சூடாக்கிற சாமான், பறிமுதல்தான். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழ போனாலே கட்டிபடும். அங்க போய்ச் சேரேக்க வெள்ளைக் கல்லு. வழியில மூடி இளகினால் வடையும் மேஸும் ஒரே மணம். மப்ளர் சீருடையோட கட்ட விடமாட்டினம், கழுத்துக்குக் குழாய் மாதிரி ஒண்டு அவையே குடுப்பினம். லீவில ஊர் பாக்கப் போகேக்க கட்டலாம், வேணுமெண்டால் வையுங்கோ.

மிளகாய்த்தூள் ரெண்டு கிலோ ஆருக்கு, பட்டாலியனுக்கோ? நூறு கிராம் காணும். வடை நல்லது. ஆனா பொலித்தீன் பையில போட்டால் தூளாய்த்தான் போகும். பிஸ்கற் ரின்னில நிக்கவைச்சு அடுக்கி, இடைவெளிக்குக் கடுதாசி திணிச்சு, மூடியைச் சுத்தி ரேப் ஒட்டுங்கோ.

ஸ்ரோர்மன் · ஜனவரி 10, காலை 6.50

விலாசத்தை இரவு விட்டிட்டன், அதுதான் முக்கியம்.

நேர அனுப்பவேண்டாம். லண்டனில அக்கா வீட்டுக்கு அனுப்பி, அவ தபால்கந்தோரில குடுக்கட்டும். வெளிநாட்டில நிக்கிற பிரிட்டிஷ் படையளுக்கெண்டு தனித் தபால் இருக்கு, பி.எஃப்.பி.ஓ. எண்டு சொல்லுவினம். லண்டனுக்குப் பக்கத்தில நோர்த்தோல்ற் விமானப்படைத் தளத்தில இருந்து ஓடுது. விலாசத்தில வரவேண்டியது: படைஇலக்கம், தரம், பேர், அவற்ற உபபிரிவு, யூனிற், பி.எஃப்.பி.ஓ. எண்டு போட்டு அந்த இடத்தின்ர இலக்கம். அவ்வளவுதான். எஸ்தோனியா எண்டோ தாப்பா எண்டோ எழுதக்கூடாது. எழுதினால் தரம் பிரிக்கிற மெசின் அதைச் சாதாரண வெளிநாட்டுத் தபாலுக்குத் தள்ளிப்போடும். பேந்து அது எங்க சுத்துதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. “பிள்ளைக்குப் போய்ச் சேரேல்லை” எண்டு அழுகிற பார்சலில பாதி, பாசத்தில நாட்டின்ர பேரையும் சேத்து எழுதினதுதான்.

சில பணியளுக்குக் குடும்பம் அனுப்புற பார்சல் ரெண்டு கிலோ வரை இலவசம். இந்தப் பணிக்கு உண்டோ எண்டதை யூனிற்றின்ர நலன்புரி அதிகாரியிட்ட அக்கா கேக்கட்டும். எப்பிடியெண்டாலும் ரெண்டு கிலோவுக்குள்ள நிண்டால் நல்லது. ஏழு கிலோவில ஒரு பெட்டியை விட, மாதத்துக்கு ஒண்டாய் ஒன்றரைக் கிலோ போறது பிள்ளைக்குச் சந்தோசம். அறையில வைக்கிற இடம் ஒரு அலுமாரியும் கட்டிலுக்குக் கீழயும்தான்.

சுங்கப் படிவத்தில “சாப்பாடு” எண்டு மொட்டையாய் எழுதாமல் என்னென்ன, எவ்வளவு கிராம், என்ன பெறுமதி எண்டு எழுதவேணும். ஸ்பிறே டப்பா, வாசனைத் தண்ணி, மதுபானம், பவர்பாங் போடவே கூடாது.

கொழும்புத்துறை · ஜனவரி 10, காலை 9.15

கருவாடு? பெடியனுக்கு ஒரு பாரைக் கருவாடு போனால் ரஷ்யாக்காரன் எல்லைக்குக் கிட்டவும் வரமாட்டான்.

ஸ்ரோர்மன் · ஜனவரி 10, பகல் 12.30

எல்லைக்கு அங்கால மணக்க முதல் அறையில கூடப் படுக்கிறவன் வெளிய எறிவான். குளிர்காலத்தில யன்னல் திறக்கமாட்டினம், ஹீற்றர் நாள் முழுக்க ஓடும். யோசிச்சுப் பாருங்கோ.

பகிடியை விட்டால், இறைச்சி, பால் சேந்தது ஒண்டும் போடாதேங்கோ. இங்கயிருந்து இங்கிலாந்துக்குள்ள போகேக்கயும் தடை, அதுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள போகேக்கயும் தடை. பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எண்டால் தாவரச் சான்றிதழ் கேப்பினம், அதால காயவைச்சு இடிச்ச பொடியாய்த்தான். பனங்கட்டி, எள்ளுப்பாகு, பருப்புப்பொடி, வறுத்த கச்சான் எல்லாம் பிரச்சினையில்லை. எள்ளுப்பாகைக் கட்டியாய் விடாமல், ஒரு வாய்க்கு ஒண்டாய் வெட்டி ஒவ்வொண்டாய்ச் சுத்துங்கோ. மைனஸ் 15இல கட்டியைக் கடிச்சால் பல்லுத்தான் உடையும். கையுறையோட பொக்கெற்றில இருந்து எடுத்து நேர வாயில போடுற அளவில இருக்கவேணும்.

கறித்தூளை விட சம்பல்பொடி பிரயோசனம். கறித்தூளைத் தாளிச்சுக் கொதிக்கவிட வேணும், அங்க அடுப்பு கிடையாது. வெளியில பயிற்சிக்குப் போனால் 24 மணித்தியால ராசன் பொதி குடுப்பினம், நாலாயிரம் கலோரிக்கு மேல. மரக்கறி, ஹலால், இந்து-சீக்கியர் எண்டு தனித்தனி மெனு இருக்கு. மாட்டிறைச்சி சாப்பிடாத பிள்ளை எண்டால் போக முதலே யூனிற் ஸ்ரோரில பேர் குடுக்கவேணும். அங்க போய் நிண்டு கேட்டால் இருக்கிறதைத்தான் தருவினம். அந்தப் பொதிச் சாப்பாட்டுக்கு மேல தூவ, செத்தல் மிளகாயும் உப்பும் கறிவேப்பிலையும் வறுத்து இடிச்ச பொடி, கட்டைவிரல் அளவு பிளாஸ்ரிக் குப்பியில. நாலு குப்பி அனுப்புங்கோ. மூண்டை மற்றப் பெடியள் வாங்கிப்போடுவாங்கள்.

மருந்துப்பெட்டி · ஜனவரி 11, இரவு 8.05

சித்தாலேப பற்றி. தடிமன், தலையிடிக்கு ஒரு டப்பி இருக்கட்டும். குளிருக்குக் கை கால்ல பூசச் சொல்லாதேங்கோ. அது தாறது சூடு மாதிரி ஒரு உணர்வு, உண்மையான சூடில்லை. விரல் விறைக்கத் தொடங்குறதுதான் உடம்பு தாற முதல் எச்சரிக்கை, அதை மூடிப்போட்டால் என்ன மிச்சம்? முகத்துக்கு எண்ணெய் பூசுறதும் அப்பிடித்தான். பின்லாந்துப் படையில பாத்த ஆய்வுகளில, கிரீம் பூசினவைக்குப் பாதுகாப்புக் கூடேல்லை. பாதுகாப்பு எண்ட நினைப்புத்தான் கூடினது.

எல்லாரும் பயப்பிடுறது தோல் உறையிற காயத்துக்கு. அதை விடக் கூட வாறதும், கவனிக்காமல் விடுறதும், உறையாத குளிர்க்காயம். மைனஸ் 20 தேவையில்லை. பூச்சியத்துக்கு மேல, ஈர மேஸோட பல மணித்தியாலம் அசையாமல் நிண்டால் காணும். முதல்ல கால் மரக்கும், வெளிறும். உள்ள வந்து சூடாகேக்க சிவந்து, வீங்கி, எரிவு தாங்கேலாது. சிலருக்கு அந்த நோவும் குளிர் தாங்காத தன்மையும் வருசக்கணக்காய் நிக்கும், படைவேலையே போகும். ஆபிரிக்க, கரீபிய வம்சாவளி ஆக்களுக்கு இது கனக்கக் கூட வருதெண்டு பிரிட்டிஷ் ஆமிக்குத் தெரியும். எங்கட பெடியளும் “எனக்கு ஒண்டும் செய்யாது” எண்டு நிக்காமல் இருக்கிறது நல்லது.

கால் மரத்து அரை மணித்தியாலத்துக்குள்ள திரும்பேல்லை எண்டால் மெடிக்கிட்ட (யூனிற்றில மருத்துவம் பாக்கிற ஆள்) சொல்லவேணும். தேய்க்கக்கூடாது, நெருப்பில காட்டக்கூடாது, சுடுதண்ணிப் போத்தல் வைக்கக்கூடாது. மரத்த தோல் வேகிறதே தெரியாது. “பேருக்குக் கறுப்புப் புள்ளி விழும்” எண்டு வெக்கப்பட்டு மறைக்கிறவைக்குத்தான் கூடச் சேதம்.

ஸ்ரோர்மன் · ஜனவரி 12, இரவு 9.30

மேலுள்ளதுக்குத் தொடர்ச்சியாய், கால்ச் சமாச்சாரம்.

மேஸ் ரெண்டு சோடி ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டால் சூடு எண்டு நினைக்கிறது எங்கட பழக்கம். சப்பாத்து இறுகினால் ரத்தவோட்டம் குறையும், கால் இன்னும் குளிரும். உள்ளுக்கு மெல்லிய ஒண்டு, வெளியில கம்பளி ஒண்டு, ரெண்டையும் போட்டபடி விரலை மடக்கி விரிக்க ஏலவேணும். ஏலாட்டில் ஸ்ரோரில அரை அளவு பெரிசாய் மாத்தச் சொல்லுங்கோ. அதுவும் இங்கிலாந்தில நிக்கேக்கயே, ஏனெண்டால் புதுச் சப்பாத்தைப் பழக்க நாள் வேணும்.

பருத்தி மேஸ் அனுப்பாதேங்கோ. பருத்தி வேர்வையைக் குடிச்சு வைச்சுக்கொண்டிருக்கும். வெளியில நிக்கேக்க மூண்டு சோடி சுழலவேணும்: ஒண்டு காலில, ஒண்டு உடம்புச் சூட்டில காய உடுப்புக்குள்ள, ஒண்டு நித்திரைப் பைக்குள்ள கட்டாயம் காய்ஞ்சபடி. அந்த மூண்டாவதை என்ன நடந்தாலும் பகலில போடக்கூடாது. இரவு சப்பாத்தின்ர உள்ளட்டையைக் கழட்டித் தனியக் காயவைக்கவேணும், ஈரம் அதிலதான் நிக்கும். ஹீற்றருக்கு மேல சப்பாத்தை வைச்சால் தோல் வெடிச்சுப் பசையும் விடும். கடுதாசி திணிச்சு, ஒரு மணித்தியாலத்தால அதை மாத்துறதுதான் சரி.

உடுப்பிலயும் இதே கணக்கு. நடக்கத் தொடங்கேக்க கொஞ்சம் குளிரவேணும். கதகதப்பாய்ப் புறப்பட்டால் பத்து நிமிசத்தில வேர்க்கும், நிண்டவுடன அந்த வேர்வைதான் ஆளை அடிக்கும். தண்ணிப் போத்தலைத் தலைகீழாய் வைக்கட்டும். ஐஸ் மேலதான் முதல்ல கட்டும், மூடிப்பக்கம் கீழ இருந்தால் குடிக்கலாம். சிக்னல்ஸ் பிள்ளை எண்டால் பற்றரிச் சமாச்சாரம் அவருக்கு எங்களை விடத் தெரியும். குளிரில பற்றரி கெதியா இறங்கும், மாத்துப் பற்றரி உள்ளுடுப்புப் பொக்கெற்றில.

சுன்னாகம் சித்தி · ஜனவரி 13, காலை 7.10

அப்ப நான் பின்னின கம்பளி மேஸ்? மூண்டு சோடி முடிச்சிட்டன்.

ஸ்ரோர்மன் · ஜனவரி 13, காலை 7.45

அனுப்புங்கோ. நித்திரைக்கு அதுதான் திறம். சப்பாத்துக்குள்ள போடவேண்டாம், விரல்நுனியில கைப்பின்னல் முடிச்சு இருக்கும், பத்து கிலோமீற்றர் நடந்தால் கொப்பளம். நாலாவது சோடியைப் பின்னேக்க முடிச்சை வெளிப்பக்கம் விடுங்கோ.

ஸ்ரோர்மன் · ஜனவரி 16, இரவு 10.10

ஒருத்தரும் கேக்காத விசயம், கடுதாசி வேலை. சாமானை விட இதுதான் குடும்பத்தின்ர பங்கு.

புறப்பட முதல் ஜே.பி.ஏ. எண்ட கணினிப் பதிவில அவர் “அவசரத் தொடர்பு” விபரத்தைத் திறந்து பாக்கவேணும். கன பெடியள் சேந்த நாளில போட்ட பழைய நம்பரை அப்பிடியே விட்டிருப்பினம். அக்கா இரவு வேலைக்குப் போறவ எண்டால், போனை எடுக்கக்கூடிய இரண்டாவது ஆளின்ர பேரும் வேணும். உயில்ப் படிவம் ஒண்டிருக்கு, 106ஆம் இலக்கம். அதை நிரப்பிறதை அபசகுனம் எண்டு அக்கா தடுக்கவேண்டாம். காப்புறுதி எடுக்கிற மாதிரித்தான் அது.

இங்க வீட்டில ஆருக்கும் கடும் சுகமில்லையெண்டால் அவருக்கு வட்ஸப்பில எழுதாதேங்கோ. குளொஸ்ரரில ஜே.சி.சி.சி. எண்ட 24 மணித்தியால நிலையம் இருக்கு. அக்கா அந்த இலக்கத்தை இப்பவே யூனிற்றிட்ட வாங்கி அலுமாரிக் கதவில ஒட்டட்டும். அவை கேப்பினம்: படைஇலக்கம், தரம், பேர், யூனிற்; நோயாளி என்ன உறவு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட், ஆர் டொக்டர். யாழ்ப்பாண ஆஸ்பத்திரி எண்டால் வாட் நம்பரும் அங்க கதைக்கக்கூடிய ஒருத்தரின்ர போன் நம்பரும் எடுத்துக் குடுக்கிறது உங்கட வேலை. இது இல்லாமல்தான் மணித்தியாலக்கணக்காய் இழுபடும். தாய், தகப்பன், சகோதரம், மனைவி, பிள்ளை எண்டால் வழி சுலபம். அம்மம்மா எண்டால் கட்டளை அதிகாரியின்ர தீர்மானம். வளத்தவ அவதான் எண்டால் அதை இப்பவே யூனிற்றுக்குச் சொல்லி வைக்கிறது புத்தி.

அவருக்கு முதல்ல யூனிற் ஆள் நேர சொல்லுறதுதான் நல்லது. நடுச்சாமத்தில தனியாய் போனைப் பாத்து அறியிறதை விட, பக்கத்தில ஒருத்தர் இருந்து, ரிக்கற்றும் கையில இருக்கேக்க அறியிறது எவ்வளவோ மேல். இந்துப் பிள்ளையளுக்கெண்டு 2005இல இருந்து பாதுகாப்பு அமைச்சில மதகுருவும் இருக்கினம், தொலைபேசியில கதைக்கலாம்.

கொழும்புத்துறை · ஜனவரி 17, காலை 8.00

சித்தி, புறப்படுற அண்டைக்குச் சீருடைப் படத்தைப் போடுங்கோ, நாங்கள் எல்லாரும் வாழ்த்துவம்.

ஸ்ரோர்மன் · ஜனவரி 17, காலை 8.20

போடாதேங்கோ. பேர், யூனிற், திகதி, இடம், இந்த நாலில ரெண்டு ஒண்டாய்ச் சேந்தாலே பிழை. 2017இல பால்டிக் நாடுகளில நிண்ட நேட்டோ படையினரின்ர கைபேசியளைக் குறிவைச்ச செய்தி வந்தது. 2018 ஜனவரியில ஸ்ராவா எண்ட ஓட்டப்பயிற்சிச் செயலியின்ர வரைபடத்தில உலகம் முழுக்க முகாம்களின்ர சுற்றுப்பாதையே தெரிஞ்சுது. அவையின்ர போனில இடங்காட்டியை நிப்பாட்டி வைப்பினம், சித்தியின்ர முகநூலில எல்லாம் கிடக்கும், என்ன பிரயோசனம்? இந்த இழையிலயே சித்தி ஊரையும் மாதத்தையும் எழுதீட்டா, காணும். இனி ஒண்டும் கூட்டவேண்டாம்.

குடும்ப வட்ஸப் குழுவில 63 பேர் இருக்கினமெண்டால் அதுவும் பப்ளிக்தான்.

புதுசா ஒருத்தர் · ஜனவரி 19, மாலை 5.30

அண்ணை, குறுக்க கேக்கிறன். இங்கயிருந்து பிரிட்டிஷ் ஆமியில சேரலாமோ? ஒரு ஏஜென்ற் எட்டு லச்சம் கேக்கிறார்.

ஸ்ரோர்மன் · ஜனவரி 19, மாலை 6.05

எட்டு ரூபாவும் குடாதேங்கோ தம்பி. பொதுநலவாய நாட்டுக்காரர் விண்ணப்பிக்கலாம், இலங்கையும் அதுக்குள்ளதான். ஐந்து வருசம் இங்கிலாந்தில இருந்திருக்க வேணும் எண்ட நிபந்தனையை 2018 நவம்பரில எடுத்தவை. விண்ணப்பம் அவையின்ர சொந்த இணையத்தளத்தில, கட்டணம் கிடையாது. இடையில ஏஜென்ற் எண்ட ஒரு கதிரையே இல்லை. எடுக்கிற தொகை வருசத்துக்கு வருசம் மாறும், சில காலம் கதவு பூட்டியும் கிடக்கும். ஏஜென்ற் ஆமியில சேத்துவிடுறன் எண்டால் எந்த ஆமி எண்டு கேளுங்கோ. 2024இல வேலையெண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் ரஷ்யப் படையில தள்ளின கதை இலங்கை முழுக்கத் தெரியும்.

மற்றதைத் தனி இழையில கேளுங்கோ, இது சித்தியின்ர வீடு.

ஸ்ரோர்மன் · பெப்ரவரி 6, இரவு 9.00

புறப்பட முதல் கடைசிச் சில்லறை.

கைப்பையில ஒரு நாளுக்கானது முழுக்க இருக்கவேணும்: மருந்து, மேஸ், தொப்பி, கையுறை, சவரச் சாமான். பெரிய பை பிந்தி வந்தால் விமானத்தால மெல்லிய உடுப்போட பனிக்குள்ள இறங்கக்கூடாது. சவரத்தை இரவில செய்யட்டும், விடிய வழிச்சுப்போட்டு வெளிய போனால் முகம் வெடிக்கும்.

பிரிட்டிஷ் செருகி அங்க போகாது, உருண்டை ரெண்டு கால்தான். நாலு தரம் அடப்ரர் வாங்காமல், சோதிச்ச பிரிட்டிஷ் நீட்டுப்பலகை ஒண்டும் ஒரேயொரு நல்ல அடப்ரரும் காணும். அதில போன், மடிக்கணினி மட்டும். காதடைப்பான் ஒரு டசின் (குறட்டைக்கு மருந்து வேற இல்லை). கண்மூடி ஒண்டு: அவர் போய்ச் சேரேக்க பகல் ஒன்பது மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, யூனில பதினெட்டுக்கும் மேல. விடிய மூண்டரைக்கு வெளிச்சம் யன்னலால வந்தால் நித்திரை எங்க?

வெளிச்சம் பிரதிபலிக்கிற சின்னத் தகடு ஒண்டு உடுப்பில தொங்கவேணும். இருட்டில நடக்கிற ஆள் அதைப் போடாட்டில் அந்த நாட்டில சட்டப்படி குற்றம், அங்க எந்தக் கடையிலயும் வாங்கலாம். வாகனம் வலப்பக்கம் ஓடும். எங்களுக்கும் லண்டன்காரருக்கும் இடப்பக்கப் பழக்கம், றோட்டைக் கடக்கேக்க முதல் கிழமை தலை பிழையான பக்கம்தான் திரும்பும். காசு யூரோ, காட் எங்கயும் எடுப்பினம்.

மருந்துப்பெட்டி · பெப்ரவரி 7, காலை 6.30

விற்றமின் டி, நாளுக்கு 10 மைக்குறோகிராம். எங்கட நிறத் தோலுக்கு அந்த வெயில் காணாது. யூனிற் மெடிக்கிட்ட கேட்டு எடுக்கட்டும், இங்கயிருந்து டப்பா அனுப்பத் தேவையில்லை.

சுன்னாகம் சித்தி · மார்ச் 3, இரவு 11.50

ரெண்டு நாளாய் வட்ஸப்பில ஒற்றைச் சரிதான் விழுது. அக்காவும் கதைக்கேல்லையாம். யூரியூப்பில ஒருத்தர் நாளைக்கு மூண்டாம் உலகப்போர் எண்டுறார்.

ஸ்ரோர்மன் · மார்ச் 4, காலை 5.40

அந்த யூரியூப்காரருக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உலகப்போர். அதை விடுங்கோ.

பயிற்சிக்குப் போகேக்க போனை வாங்கி வைச்சிடுவினம், நாலைஞ்சு நாள் பேச்சு இல்லாமல் போகும். சிலவேளை எங்கயாவது ஒரு படைவீரருக்குக் காயமெண்டாலும் முழு முகாமின்ர இணையத்தையும் போனையும் நிப்பாட்டுவினம், “மினிமைஸ்” எண்டு சொல்லுறது. காயப்பட்டவரின்ர வீட்டுக்கு முறைப்படி தெரிவிக்க முதல் வேற ஆரும் வாயால விட்டிடக்கூடாது எண்டுதான் அந்த ஏற்பாடு. ஆயிரம் பேருக்கு ஒற்றைச் சரி விழும், அதில 999 பேர் சாப்பாட்டு வரிசையில நிப்பினம். கடும் செய்தியெண்டால் அதிகாரி நேர அக்கா வீட்டுக் கதவைத் தட்டுவார், வட்ஸப்பில வராது. கதவு தட்டுப்படேல்லையெண்டால் சேதியில்லை எண்டுதான் அர்த்தம்.

சுன்னாகம் சித்தி · மார்ச் 5, இரவு 11.35

கதைச்சிட்டார். பயிற்சியாம். வடை ரின் போய்ச் சேந்ததாம், சம்பல்பொடி ரெண்டு நாளில முடிஞ்சுதாம். எத்தினை மணிக்கு எடுத்தால் நல்லது எண்டு கேக்க மறந்திட்டன்.

ஸ்ரோர்மன் · மார்ச் 6, காலை 6.15

அங்க இரவு எட்டு, இங்க பதினொன்றரை. மார்ச் கடைசி ஞாயிறோட அவை மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுவினம், பிறகு பத்தரை. அவர் எடுக்கட்டும், நீங்கள் எடுக்காதேங்கோ. மூண்டு முறை தவறின அழைப்பைப் பாத்தால் அவருக்குத்தான் நெஞ்சிடி.

அடுத்த பார்சலில கம்பளி வேண்டாம். ஏப்பிரலில பனி உருகிச் சேறு, முழங்கால் மட்டும். கால்ப்பவுடர், காய்ஞ்ச மேஸ், சின்னப் பூட்டுற பிளாஸ்ரிக் பையள் ஒரு கட்டு. போன், பாஸ்போட், நெருப்புப்பெட்டி எல்லாம் அதுக்குள்ள.

மருந்துப்பெட்டி · மே 4, இரவு 8.50

சேறு முடிஞ்சால் உண்ணி. பச்சை வெளிக்கிட்ட காலத்தில இருந்து இலையுதிர் வரை. ரெண்டு நோயை அது காவும். ஒண்டு மூளையழற்சி வைரசு, கடிச்ச சில நிமிசத்திலயே ஏறிடும், அதுக்குத் தடுப்பூசி இருக்கு, பல ஊசித் தொடர். மற்றது லைம். அதுக்குத் தடுப்பூசி போடுறேல்லை, ஆனா உண்ணி ஒரு நாளுக்கு மேல ஒட்டியிருந்தால்தான் பெரும்பாலும் தொத்தும், அதால ஒவ்வொரு இரவும் உடம்பு பாக்கிறது முக்கியம். காற்சட்டையை மேஸுக்குள்ள விடவேணும். தேடவேண்டிய இடம்: முழங்கால் பின்பக்கம், இடுப்புப் பட்டிக்குக் கீழ, கக்கம், காதுக்குப் பின்னால.

எங்கட ஊரில நாய்க்குச் செய்யிற மாதிரி மண்ணெண்ணெய் ஊத்திறது, நெருப்புக்குச்சி வைக்கிறது, தேங்காயெண்ணெய் விடுறது ஒண்டும் வேண்டாம். அதுக்குள்ள உண்ணி வயித்தில உள்ளதைக் கக்கிப்போடும். கூர் முனைச் சாமணத்தால, தோலோட ஒட்டினபடி தலையைப் பிடிச்சு, முறுக்காமல் நேர மேல மெல்ல இழுக்கவேணும். வயித்தில பிடிச்சு நசிக்கக்கூடாது. கழட்டின திகதியையும் இடத்தையும் போனில எழுதி வைக்கட்டும்: ஒரு மாதத்துக்குள்ள அந்த இடத்தைச் சுத்தி அஞ்சு சென்ரிமீற்றருக்கு மேல விரியிற சிவப்பு வந்தாலோ, காய்ச்சலும் தலையிடியும் வந்தாலோ, அந்தக் குறிப்போட மெடிக்கிட்ட போகவேணும். கிராமத்துச் சனம் காய்ச்சாத ஆட்டுப்பால் குடுத்தால் மரியாதையாய் வேண்டாம் எண்டு சொல்லட்டும், அந்த வைரசு பாலாலயும் வரும்.

சாமணம் இங்கயிருந்தே அனுப்பலாம் சித்தி. நகை வேலை செய்யிறவை பாவிக்கிற மெல்லிசுச் சாமணம் கஸ்தூரியார் றோட்டில கேளுங்கோ, புருவம் பிடுங்கிற தட்டை முனை சரிவராது.